நாலு பருவமும் தாங்கும்

ஒக்டோபர் 6, ஞாயிறு

ஒரு சமையல்காரர் குடியிருக்க இடம் பார்க்கப் போய், அடுப்பை மட்டும் பார்க்காமல் ஏன் திரும்பி வருவார்? 

இன்று எட்மன்டனுக்குத் தெற்கே நெடுஞ்சாலையோரத்து விற்பனைத் திடலில் ஒரு ட்ரெய்லர் பார்த்தோம். ஃபிஃப்த் வீல் என்கிறார்கள். பிக்கப் வண்டியின் முதுகில் கழுத்தை ஊன்றிக்கொண்டு இழுபட்டு வரும் நீளமான வீடு. கழுத்துக்குள் படுக்கை, மற்றதெல்லாம் இரண்டு படி கீழே. என் கணவர் கட்டிலில் படுத்துப் பார்த்தார். குழாய்களைத் திறந்து மூடினார். ஏணியில் ஏறிக் கூரையைத் தட்டினார். அடுப்பு இருந்த குசினியை இரண்டு தடவை கடந்து போனார், நிற்கவில்லை. ஸ்காபரோவில் தன் பெயரிலேயே நந்தகோபன் உணவகம் என்று கடை வைத்துப் பல வருடம் கொத்துறொட்டியும் ஆட்டுக்கறியும் விற்ற மனிதர், ஒரு பேர்னரைக்கூடத் திருகவில்லை. ஆனால் சோபாவுக்கு அருகே குந்தியிருந்து, தரையோடு பொருத்தியிருந்த காஸ் அலாரத்தின் பொத்தானை அழுத்தி, அது கத்துகிறதா என்று கேட்டார். விற்பனையாளரிடம் அவர் கேட்ட ஒரே கேள்வியும் அதுதான்: இதில் எத்தனை அலாரம்?

உள்ளே புதுப் பசையின் நெடி. சிறிது நேரத்தில் என் கண்கள் எரிந்து நீர் வடிந்தது. அவர் நல்ல வெளிச்சமான வண்டி என்றார். கதவில் 'நாலு பருவமும் தாங்கும்' என்று ஒட்டியிருந்தார்கள். எந்த ஊர்ப் பருவம் என்று கேட்டேன். விற்பனையாளர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

ஒக்டோபர் 8, செவ்வாய்

இந்த வேலையில் ஏன் இறங்கினோம் என்று எழுதிவைக்கிறேன். இன்னும் சில வாரத்தில் எனக்கே விளங்காமல் போகலாம்.

வடக்கே ஐந்து மணி நேர ஓட்டத்தில் ஒரு மரக்கூழ் ஆலை. அதன் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நவம்பர் 25 தொடக்கம். யாழ்ப்பாணத்தில் வேதியியல் படித்துவிட்டு, இந்த நாட்டில் மருந்துக் கடைக் கவுண்டரிலும் கூரியர் அலுவலகத்திலும் நின்றே காலம் போன பிறகு, படித்த படிப்புக்கென்று வந்த முதல் வேலை. ஐம்பதை எட்டப்போகிறவளுக்கு இன்னொன்று வராது. அந்த ஊரில் வாடகைக்கு வீடு இல்லை. ஆலைக்காரர்கள் மின்சாரமும் தண்ணீரும் இழுத்த ஒரு துண்டு நிலம் தருவார்கள். சொந்த ட்ரெய்லரைக் கொண்டுபோய் நிறுத்தி வருடம் முழுக்க இருக்கலாம். குளிர் மைனஸ் நாற்பதுக்குப் போகும். எனக்குப் பன்னிரண்டு மணித்தியால ஷிஃப்ட். அந்த நேரம் முழுக்க அவர் அந்தப் பெட்டிக்குள் தனியாக இருக்கப்போகிறார். ஆகவே எந்தப் பெட்டி என்பது சின்ன விஷயம் இல்லை.

கண்ணாடி இரட்டைத் தட்டாக இருக்கவேண்டும். தண்ணீர்த் தாங்கிகள் வண்டியின் வயிற்றுக்குள், சூடு போகும் இடத்தில் இருக்கவேண்டும். இழுத்து அகட்டும் பக்க அறைகள் குறைவாக இருக்கவேண்டும், குளிர் அந்தப் பொருத்துகளால்தான் நுழையும். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல, "நீர் சொல்லுறதுதான்" என்றார். வெங்காயம் வாங்கவே கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிற மனிதர். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒக்டோபர் 12, சனி

ஸ்காபரோவை விட்டு வந்து நாங்கள் இப்போது இருப்பது எட்மன்டனில், அவருடைய தம்பி ஈசன் வீட்டு நிலவறையில். ஈசன் லொறி ஓட்டுகிறார். அவர் மனைவி வதனி தாதி வேலை. நல்ல பிள்ளைகள். ஆனாலும் அடுத்தவர் வீடு.

காலையில் வதனி பாலை அடுப்பில் வைத்துவிட்டு மேலே போயிருக்கிறாள். இவர் குசினி மேசையில், அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஃபோனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நிலவறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த எனக்கே மணம் வந்துவிட்டது. நான் ஏறிப் போகும்போது பால் பொங்கி, வற்றி, அடிப்பிடித்துச் சட்டி கறுத்துவிட்டது. மேல்மாடியிலிருந்து வதனியும் ஓடி வந்தாள். இவர் எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்த பிறகுதான் திரும்பினார். கடைசி ஓவர் என்றார்.

வதனி சட்டியை ஊறப் போட்டாள். மத்தியானம் கேட்டாள்: "அத்தான், ஒரு கிலோ தூள் வறுத்துத் தாங்கோவன். கடைத்தூள் வாயிலை வைக்கேலாமல் கிடக்கு." அவர் வறுக்கும் மிளகாய்த்தூளுக்காகவே மிஸிசாகாவிலிருந்து கார் எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார்கள். நாரி நோகிறது, நெடுநேரம் நிற்கமுடியாது, பிறகு பார்ப்போம் என்றார். வந்து இரண்டு மாதம், ஒரு சம்பல்கூட இடித்துத் தரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கடையை மூடிய கவலையை இப்படிக் காட்டுகிறார் என்று வதனியிடம் சொல்லி வைத்தேன். கட்டட வாடகை ஏறியதால் மூடினோம் என்பதுதான் எல்லோருக்கும் சொல்லும் காரணம். எனக்கும் அதுதான் சொன்னார்.

கடையின் கடைசி மாதங்களில், நான் வேலை முடிந்து போனால், ஒவ்வொரு சட்டியிலும் ஒரு கரண்டி எடுத்து என்னிடம் நீட்டுவார். சரியா, சரியா என்று கேட்பார். அதற்கு முந்திய காலமெல்லாம் என் வாய்க்கு அப்படி ஒரு மதிப்பு இருந்ததில்லை. வயது போகப் போக வந்த அன்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் 14, திங்கள்

முதல் பனி. கரைந்துவிட்டது.

ஒக்டோபர் 19, சனி

இரண்டாவது வண்டி. நகரத்துக்கு வடக்கே ஒரு பண்ணையில். உரிமைக்காரி மிஸஸ் ஹால்வர்சன், எழுபதைத் தாண்டியவர், கணவர் போன வருடம் இறந்துவிட்டார். இருவரும் எண்ணெய்க் கிணறுகளைத் தொடர்ந்து போய் நாலைந்து குளிர்காலம் இதற்குள் வாழ்ந்தவர்களாம். அதிகம் பேசவில்லை. குழாய் உறைந்ததா என்று கேட்டேன். ஒரு தடவை, தங்கள் பிழை, என்றார். அந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை வந்தது.

வண்டி அழகில்லை. பழுப்பு மரம், தடித்த சுவர், சின்னச் சின்ன இரட்டைக் கண்ணாடி, ஒரே ஒரு பக்க அறை. வயிற்றுப் பக்கம் மூடிக் கட்டி உள்ளே சூட்டுக் குழாய் விட்டிருக்கிறார்கள். நான் ஈர மண்ணில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியைச் சுற்றிக் காற்று புகாமல் கட்டும், ஸ்கேர்ட் என்கிற கனத்த துணியும் சேர்த்துத் தருவாராம்.

எங்களை ஏற்றிவந்த ஈசன் இதைக் கேட்டுவிட்டு, "அண்ணி, இது வீடோ வண்டியோ? வீட்டுக்கு ஆரப்பா பாவாடை கட்டுறது" என்றார்.

குறை ஒன்றுதான். நாய் நாற்றம். மூன்று நாய்கள் படுத்து எழும்பிய கம்பளம், அதற்கு மேல் புகையிலை. கதவைத் திறந்ததும் ஈசன் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியோடு நின்றுவிட்டார். இவர் நேரே உள்ளே போய், மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"நல்ல துப்புரவா வச்சிருக்கிறா மனிசி."

விற்கிறவருக்கு முன்னால் மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் தமிழில் அல்லவா சொன்னார்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

முடிவு இல்லை. புதியதா, பழையதா என்று கேட்டால் எதுவும் சரி என்கிறார். ஆனால் போகவேண்டும் என்பதில் மட்டும் உறுதி. நான் தயங்கினால் கோபம் வருகிறது. உமக்கு இந்த வேலை வேணுமோ வேண்டாமோ என்று கேட்கிறார். வடக்கே தமிழர் யாரும் இல்லை என்றேன். அது நல்லதுதானே என்றார்.

எது சாப்பிட்டாலும் மேலே பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்கிறார். முன்பு, உறைப்பு வேறு உருசி வேறு என்று கடைப் பெடியங்களுக்குப் பாடம் எடுத்தவர்.

நவம்பர் 3, ஞாயிறு

எந்த விளம்பரத்தையும் நம்ப நான் தயாரில்லை. குளிர் இறங்கியதும் பண்ணை வண்டியிலேயே இரண்டு நாள் இருந்து பார்க்கிறோம் என்று மிஸஸ் ஹால்வர்சனைக் கேட்டேன். தன் முற்றத்திலிருந்தே மின்சாரம் தருகிறேன் என்றார். வேறொருவரும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம், அடுத்த ஞாயிறு மத்தியானத்துக்குள் பதில் வேண்டும். வெள்ளி போகிறோம். வண்டி ஒத்துவந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. வேறு வழி பார்க்க நாள் கிடையாது.

நவம்பர் 8, வெள்ளி

மைனஸ் இருபத்துநாலு. காற்று.

ஈசன் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அவருடைய லொறிச் சப்பாத்தும் சொக்ஸும் பின் இருக்கையில் கிடந்ததால் வழி முழுக்க நான் கண்ணாடியைத் திறந்துகொண்டு வந்தேன். இவர் குளிருது, மூடும் என்றார்.

வதனி சாப்பாட்டுப் பெட்டிக்குள் செத்தல் மிளகாய், மல்லி, சோம்பு, சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் பச்சையாகக் கட்டி வைத்திருக்கிறாள். அத்தானுக்கு அங்கே பொழுது போகாது, வறுக்கட்டும் என்று எழுதி ஒரு துண்டு. அவர் வாசித்துவிட்டுப் பையை மேசைக்கு அடியில் தள்ளினார்.

வெப்பமானிகளை ஒட்டிவிட்டேன். ஒன்று வயிற்றுக்குள், ஒன்று கட்டில் தலைமாட்டில், ஒன்று குசினிக் குழாயடியில். சூடாக்கி காஸில் ஓடுகிறது. மாலை வரை எங்கும் உறைநிலைக்குக் கிட்டவும் போகவில்லை. சுவர் சரி. யன்னல் சரி.

நாய் நாற்றம் மட்டும் தாங்கவில்லை, சூட்டில் இன்னும் எழும்பியது. கொண்டுவந்த வாசனை ஸ்பிரேயைக் கம்பளம் முழுக்க அடித்தேன். உடனே தரையோடு இருந்த காஸ் அலாரம் கத்தத் தொடங்கியது. ஸ்பிரே டப்பாவில் வாசனையைத் தள்ளிவிடுவதே புரோப்பேனும் பியூட்டேனும்தான். அலாரம் பிடித்தது அதைத்தான், கசிவு எதுவும் இல்லை. அவருக்கு விளக்கினேன். கத்தல் நிற்கவில்லை. என் பையில் குளியல் தொப்பிகள் இருந்தன. இருந்த ஒவ்வொரு வீட்டிலும் தாளிக்க முதல் கூரைப் புகை அலாரத்துக்குத் தொப்பி போட்டுத்தான் பழக்கம், எந்தத் தமிழ் வீட்டில்தான் போடவில்லை? ஒன்றைக் கூரையிலிருந்ததற்குப் போட்டேன். மற்றதைக் கீழே இருந்ததற்குப் போட்டு, நாலு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டினேன். சத்தம் அடங்கியது.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அதைக் கழட்டிவிட்டா என்ன?"

காது கிழிகிறது, நெடி போனபிறகு கழட்டுவோம் என்றேன்.  பிறகு பருப்புக்கு வெங்காயம் அரிந்து தந்தார். தாளித்தது நான்.

நவம்பர் 9, சனி

ஒழுங்காக எழுதவேண்டும்.

காலை எழுந்ததும் வெளியே போய் வயிற்றுப் பக்க வெப்பமானியைப் பார்த்தேன். நாலு பாகை, நல்லது. மிஸஸ் ஹால்வர்சன் யன்னலால் கைகாட்டிக் கூப்பிட்டார், போய் ஒரு கோப்பி குடித்தேன். அவர் கணவர் இந்த வண்டிக்குள் பியானோ வாசிக்கப் பழகியதைச் சொன்னார். திரும்பி வந்து கதவைத் திறந்தேன்.

நாயும் இல்லை, புகையிலையும் இல்லை. அழுகிய கோவா இலை நாற்றம். புரோப்பேனுக்கு மணம் கிடையாது. மனிதருக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் அந்த நாற்றத்தைக் கலக்கிறார்கள். வாசலில் நின்ற எனக்கே மூக்கில் அடித்தது. அவர் அடுப்படியில் நின்றார். தேத்தண்ணிக்கு வைத்த பால் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்திருக்கிறது. பேர்னர் திருகியபடியே இருந்தது. அவர் நெருப்பு இல்லாததை அப்போதுதான் கண்டிருக்கவேண்டும், கையில் லைட்டர். பெருவிரல் அதன் உரசு சில்லில்.

"கோபன், கையை எடுங்கோ."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதனால்தான் நின்றார் என்று நினைக்கிறேன். நான் உள்ளே போய் லைட்டரை வாங்கி, கதவால் பனிக்குள் எறிந்தேன். திருகை மூடினேன். அவரை வெளியே இழுத்து வந்து, காஸ் சிலிண்டரின் வால்வையும் பூட்டினேன். மேற்சட்டை இல்லாமல் இருவரும் முற்றத்தில் நின்றோம். திறந்த கதவுக்குள்ளால், சோபாவுக்குப் பக்கத்தில், தொப்பி போட்ட அலாரம் தெரிந்தது.

"உங்களுக்கு மணக்கேல்லையா?"

"என்ன மணம்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இல்லை."

"எப்ப இருந்து?"

"அந்தக் காய்ச்சலோடை போனது."

அவர் இரண்டு கிழமை படுத்துக் கிடந்த அந்தக் காய்ச்சல் வந்தது கடை மூட இரண்டு வருடத்துக்கு முன்பு. டாக்டரிடம் தனியாகப் போயிருக்கிறார். வரலாம், வராமலும் விடலாம் என்றாராம். வரவில்லை. கறி பழுதானதை ஒரு தடவை தெரியாமல் அனுப்பியிருக்கிறார். தூளைக் கருக்கியிருக்கிறார். ஆட்கள் மெல்ல மெல்ல வராமல் விட்டிருக்கிறார்கள். வாடகை ஏறியது உண்மைதான், ஆனால் காரணம் அதில்லை.

மிஸஸ் ஹால்வர்சன் வீட்டுக் குசினியில் இருத்தி இதெல்லாம் கேட்டேன். எனக்கேன் சொல்லவில்லை என்றும் கேட்டேன்.

"சொன்னா நீர் இந்த வேலைக்குப் போகமாட்டீர். எனக்கு உம்மைத் தெரியும்."

பின்னேரம் வண்டியைக் காற்றாடவிட்டு, கசிவு இல்லை என்று பார்த்து, சூடாக்கியை மட்டும் மீண்டும் போட்டோம். நான் கீழ் அலாரத்தின் தொப்பியைக் கழற்றினேன். ஒட்டுநாடாவின் பசை என் விரலில் இன்னும் இருக்கிறது. அவர், நீர் வடக்கே போம், நான் ஈசன் வீட்டில் நிற்கிறேன் என்றார். நிலவறையில், வதனியின் அடுப்புக்குக் கீழே இருந்துகொண்டா என்றேன். என்னைப் பிள்ளைபோலப் பார்க்க ஆள் வேண்டாம் என்றார். 

சுவர் சரி, யன்னல் சரி, தாங்கிகள் சரி. நான் பார்த்த எல்லாம் சரி. பன்னிரண்டு மணித்தியாலம், காஸில் ஓடும் ஒரு பெட்டிக்குள், மணம் தெரியாத ஒரு மனிதர். இதற்கு எந்த வண்டியும் பொருந்தாது. நாளை மத்தியானம் மிஸஸ் ஹால்வர்சனிடம் வேண்டாம் என்று சொல்வேன். ஆலைக்கும் எழுதிவிடுவேன். மனம் மாறாமல் இருக்க இங்கே எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு

நடந்தது வேறு.

அலாரச் சத்தத்தில் விழித்தேன். கூரை அலாரம். கட்டிலிலிருந்து பாய்ந்து இரண்டு படியும் இறங்கினேன். கதவு விரியத் திறந்திருந்தது, உள்ளே குளிர் வெள்ளமாக வந்துகொண்டிருந்தது. மேசையில் மிஸஸ் ஹால்வர்சனிடம் இரவல் வாங்கிய மின் அடுப்பு, அதன் மேல் அவருடைய இரும்புச் சட்டி. இவர் குல்லாவும் ஜக்கெட்டும் போட்டுக்கொண்டு மல்லி வறுத்துக்கொண்டிருந்தார். மிளகாய் ஏற்கெனவே வறுத்து ஒரு கடதாசியில் கொட்டியிருந்தது. பாதி கறுப்பு.

கூரைத் தொப்பியையும் அவரே கழற்றியிருக்கிறார். நான் பழக்கத்தில் அதை எடுத்து மேலே கை நீட்டினேன்.

"விடும். இதுதான் இனி என்ரை மூக்கு. மூக்குக்கு ஆரும் தொப்பி போடுறதோ?"

அலாரம் கத்திக்கொண்டே இருந்தது. நாங்களும் கத்திக் கத்தித்தான் பேசினோம். காஸ் அடுப்பை ஆள் பிடித்துக் கழற்றி, குழாயை அடைத்துவிடவேண்டும் என்றார். சமையல் மின்சாரத்தில். கட்டிலடியில் ஒன்று, குசினியில் ஒன்று, புதிய காஸ் அலாரங்கள். வேலையிடத்திலிருந்து நான் ஃபோன் எடுத்தால் உடனே பதில் சொல்வார், சொல்லாவிட்டால் பக்கத்து ட்ரெய்லர்காரர் வந்து தட்டலாம், அதில் தனக்கு வெட்கமில்லை. இவ்வளவையும் சட்டியைப் பார்த்தபடியே சொன்னார். ஈசனிடமும் ஃபோனில் சொல்லிவிட்டாராம். ஈசன், "அதுதானே பாத்தன், என்ரை சொக்ஸ் நாத்தத்துக்கு ஒருநாளும் பேசாத ஒரே ஆள் நீதான் அண்ணை" என்றாராம்.

 போர்வையைச் சுற்றிக்கொண்டு சட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மல்லி பச்சை மணத்தைவிட்டு மாறத் தொடங்கியிருந்தது.

"இப்ப?" என்றார்.

"இல்லை."

கிளறினார். நான் குனிந்தேன்.

"இப்ப?"

"கொஞ்சம் பொறுங்கோ." வதனியின் பையிலிருந்த சோம்பின் மணம், நாய்க் கம்பளம், இரும்பு, எல்லாவற்றுக்கும் அடியில் அது எழும்பி வந்தது. "இப்ப."

சட்டியை இறக்கினார். ஒரு விதையும் கருகவில்லை.

மிஸஸ் ஹால்வர்சன் இரவு உடுப்புக்கு மேல் பூட்ஸ் போட்டுக்கொண்டு பனிக்குள் ஓடி வந்தார். தீயா என்று கேட்டார். இல்லை, சமையல் என்றேன். அலாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். சரி, வண்டி வேண்டுமா வேண்டாமா, மற்ற ஆளுக்குச் சொல்லவேண்டும் என்றார்.

கதவு வெகுநேரம் திறந்து கிடந்திருக்கிறது, உள்ளே மைனஸ் ஏழு. மூடியபிறகு சூடு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். கதவை மூடினோம். அவர் சீரகத்தைச் சட்டியில் போட்டார். நான் ஒரு கண்ணை வெப்பமானியில் வைத்துக்கொண்டு சட்டிப் பக்கம் நின்றேன்.

சீரகமும் சோம்பும் இறக்கி, வெந்தயம் போட முதல் உள்ளே பதினெட்டுப் பாகைக்கு வந்துவிட்டது. வண்டியை எடுத்தோம்.